யார் பேரில்

"எட்டு மாசத்துக்குள்ள கிடைக்க வழியே இல்லையாம்மா?"

மூன்றாவது தடவையாகக் கேட்டார் அருமைநாயகம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியை இன்னொரு முறை பார்த்தாள். ஃபர்சானா என்று சட்டையில் பெயர் அட்டை. புதுக் காரை அறிவித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இந்தத் திருநெல்வேலி ஷோரூமில் மட்டும் முந்நூறு பேர் பதிந்துவிட்டார்கள்.

"இன்னைக்கு புக் பண்ணா ஒன்பது மாசம் சார். அதுக்கு முன்னால வரும்னு நான் சொன்னா அது பொய்."

நாகர்கோவிலில் பத்து என்றார்கள். தூத்துக்குடியில் பதினொன்று. மதுரையில் போனையே எடுக்கவில்லை.

பக்கத்தில் ஜெபமணிக்குச் சிரிப்பு வந்தது.

"ஏங்க, பள்ளிக்கூடத்துல எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகளே தேவல. என்ன இப்பிடி அவசரப்படுதீங்க?"

அவரும் சிரித்துவைத்தார்.

இருபத்தாறு வருடமாக மருந்துக் கம்பெனி ரெப். தென்காசி, கோவில்பட்டி, வள்ளியூர். சாப்பாடு வண்டியில், மதியத் தூக்கம் வண்டியில். பாதி ஆயுள் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் போயிருந்தது. அருமைநாயகம் என்ற பெயர் மறந்துபோன டாக்டர்கள்கூட அவர் வண்டியின் ஹாரனை மறந்ததில்லை.

போன மாதம் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்தமுறை மருந்து விற்க இல்லை.

தனியாகத்தான் போனார்.

"ரெண்டு பக்கமும் பார்வை சுருங்கிட்டே வருது. போனது திரும்பாது. இருட்டினா இப்பவே வண்டியத் தொடாதீங்க. பகல்ல ஒரு ஆறு மாசம். மிஞ்சிப்போனா எட்டு."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். எழும்போது, கை பழக்கத்தில், பையிலிருந்து ஒரு சாம்பிள் மாத்திரை அட்டையை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் சொல்லவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் டிவியில் அந்த வண்டியைக் காட்டினார்கள். ஜெபமணி கை வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். "பழசையே எத்தனை நாளைக்கு உருட்டுவீங்க? இதைப் போட்ருவோம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

அவரிடம் இருந்ததோ ஒரே காரணம்.

அதனால்தான் ஊர் ஊராகப் போன் போட்டார். எட்டு மாதத்துக்குள் வண்டி வந்துவிட்டால் போதும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையிலேயே கன்னியாகுமரி வரைக்கும். ஒரே ஒரு தடவை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று காலை இந்த ஷோரூம் வாசலில் திரும்பும்போது, இடப்பக்கம் வந்த ஸ்கூட்டரை அவர் பார்க்கவே இல்லை.

ஜெபமணி அலறினாள். பிரேக்கை மிதித்தார். ஸ்கூட்டர்க்காரர் தள்ளாடிக் காலை ஊன்றி நின்று, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அவர் முதுகைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போகும்போது அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"வெயிலு கண்ணுல அடிச்சிட்டு" என்றார்.

வானம் மூடியிருந்தது.

"யார் பேர்ல போடட்டும் சார்?"

ஃபர்சானா பேனாவோடு காத்திருந்தாள்.

அவருக்கு அந்தச் சின்னப் பெண் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"ஜெபமணின்னு போடுங்க."

"எம்பேர்லயா?" அவள் பதறினாள். "எனக்கு ஸ்கூட்டிய விட்டா என்ன தெரியும்?"

"ஸ்கூட்டி ஓட்டுதீங்கல்லா, போதும் மேடம். இதுல கிளட்சே கிடையாது" என்றாள் ஃபர்சானா. "பார்வைக்கு வந்த வண்டி அந்தா நிக்கி. ஏறி உக்காந்து பாருங்க."

கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றது வண்டி. ஜெபமணி தயங்கினாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பத்து நிமிடத்தில் அவர் போட்ட சத்தத்தில் அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்கவும் இல்லை, அவர் கூப்பிடவும் இல்லை.

"ஏறு ஜெபா" என்றார்.

ஏறினாள். கால் எட்டவில்லை. ஃபர்சானா குனிந்து சீட்டை முன்னால் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இப்போது எட்டியது. ஜெபமணி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

"மேடம் பாத்தாச்சு. அடுத்து சார் உக்காருங்க. சீட்ட பழையபடி பின்னால தள்ளிருதேன்."

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே சுற்றி நடந்தார். இடப்பக்கக் கதவின் கைப்பிடி முதலில் கைக்கு அகப்படவில்லை. தடவித்தான் பிடித்தார்.

உட்கார்ந்தார். முன்னால் கால் வைக்க நிறைய இடம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெபமணி அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை.

வெட்கமும் சிரிப்பும் அவளிடமிருந்து மெல்லக் கழன்றன.

"ஜெபா..." என்றார்.

கதவோரம் நின்ற ஃபர்சானா வண்டியைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபமணி அவரிடமிருந்து கண்ணை எடுக்காமலே, கதவில் பொத்தானைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை மேலே ஏற்றினாள்.