ஊதாவுக்குள் வெள்ளை வளையம்

ஸ்கூடாய் நகர ஆய்வகச் சன்னலில் காலை வெயில். ருமானா கிருமி வளர்த்த வட்டத் தட்டை வெளிச்சத்துக்கு உயர்த்துகிறாள். இந்த நோய்க்கிருமிகள் தமக்குள் ரசாயனத்தால் பேசிக்கொண்டால் தட்டு ஊதாவாகும். அவளுடைய நாற்பத்தோராவது செயற்கை மூலக்கூறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் ஊதா இல்லை, ஒரு வெள்ளை வளையம். "செத்துப் போச்சா?" என்கிறார் ஆய்வகத் தலைவர் கிரகோரி, கவலையோடு. கொன்றால் தப்பிப் பிழைப்பவை மருந்துக்குப் பழகிவிடும். பேச்சை நிறுத்தினால் போதும்; பேசிக் கூடாமல் அவற்றால் நோய் உண்டாக்க முடியாது. ருமானா நேற்றைய நாளிதழை விரித்துத் தட்டை அதன்மேல் வைக்கிறாள். வளையத்தின் வழியே எழுத்து தெரிந்தால் கிருமி செத்துவிட்டது. வளையம் மோர்போலக் கலங்கியிருக்கிறது. "படிங்க, சார்." கிரகோரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். கிருமிகளின் காதில் விழுந்துவிடக் கூடாதென்பதுபோல் மெதுவாகச் சொல்கிறார்: "ஒரு எழுத்துகூடத் தெரியல லா."