பசை போடாத கால்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மரவேலைச் சங்கத்தார் காப்பிக் கோப்பைகளோடு சூழ்ந்து நிற்கிறார்கள். நடுவே லொரெய்ன் செய்த முதல் நாற்காலி, குழல்விளக்கின் கீழ் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிறது. யார் நாற்காலி கொண்டுவந்தாலும், சங்கத்திலேயே கனத்த ஆளான குன்னார்தான் முதலில் உட்காருவார். "தாங்குமா லொரெய்ன்? மூக்குப்பிடிக்கத் தின்னுட்டு வந்திருக்கேன்!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் கைப்பிடிகளைப் பற்றி உட்காரத் தாழும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: பின்னங்கால் ஒன்றைச் சும்மா பொருத்திப் பார்த்தவள், கழற்றிப் பசை போட மறந்தே போனாள். தடுக்க ஓரடி முன்னே வைக்கிறாள். மெல்லிய கிறீச் கேட்கிறது, அந்தக் கால் லேசாக விலகுகிறது. குன்னாரின் சிரிப்பு ஒரு கணம் உறைகிறது. பிறகு, "கல்லு மாதிரி நிக்குது, போ!" என்கிறார். கைதட்டல் அதிர்கிறது. இருக்கைப் பலகையில் படாமல் ஒரு விரற்கடை மேலே அவருடைய தொடைகள் நடுங்குவதை லொரெய்ன் மட்டும் பார்க்கிறாள்.