நாலாவது ஆள்

மாலை ஐந்து மணிக்குள் ப்ராஜெக்டைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் பட்டமில்லை, கிடைத்த வேலையும் கையைவிட்டுப் போகும்.

கல்லூரி ஆன்லைனில் கோத்துவிட்ட, முகம் தெரியாத நால்வர் குழு. தலைவர் நான். மூன்று பேருடைய பாகங்கள் தயார். நாலாவது ஆள் மட்டும், "இதோ அனுப்பிடறேங்க" என்று மூன்று நாளாக இழுத்தடிக்கிறான். வேறெந்த வேலையையும் தொடாமல், காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

நாலரை மணிக்கு எழுதினேன்: "பத்து நிமிஷத்துல வரலன்னா உங்க பேரை எடுத்துடுவேன்."

உடனே என் இன்னொரு போன் ஒலித்தது. காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு ப்ராஜெக்ட் எழுதிக் கொடுப்பதற்கென்றே வைத்திருக்கும் போன்.

"அக்கா, லீடர் என் பேரை எடுத்துடுவாங்களாம். மூணு நாளா நெட் இல்லன்னே சொல்றீங்க. பத்து நிமிஷத்துல எழுதித் தந்துடுங்கக்கா."

எழுதித் தரச் சொல்லி அவன் என்றைக்கோ அனுப்பியிருந்த ப்ராஜெக்ட் கோப்பை அப்போதுதான் திறந்தேன்.

முகப்பில், குழுத்தலைவர் என்ற இடத்தில் என் பெயர்.