தெருப்பக்கத்து யன்னல்

நாகபூசணி முதலில் தெருப்பக்கத்து யன்னலைச் சாத்தினாள்.

பிறகு பால்கனிக் கதவை. பிறகு குசினிச் சுவரின் உயரத்தில் இருந்த சின்னத் துவாரத்தையும் துணியால் அடைத்தாள்.

ஆனி மாதத்து ஞாயிறு மத்தியானம். ஆபிரிக்காப் பக்கமிருந்து வந்த சூட்டுக்காற்று பலேர்மோ நகரத்தின் கால்சாப் பகுதி முழுவதையும் அவித்துக்கொண்டிருந்தது.

மேசையில் பெரியவர் கயெத்தானோவும் மகன் நீனோவும் மல்லுக்கு நின்றார்கள். இத்தாலி ஐரோப்பாவோடு ஒட்டிக்கொண்டிருப்பதா, கழன்று வருவதா என்பதுதான் வழக்கு.

கழன்றுதான் வரவேண்டும் என்றார் பெரியவர். விலை விழக்கூடாது என்று தோடம்பழத்தை மலைபோலக் குவித்து இயந்திரத்தால் நசுக்கச் சொல்கிறவனோடு என்ன குடித்தனம் என்று கேட்டார்.

கழன்றால் பிச்சைதான் என்றான் நீனோ. ஒரு கரண்டி பறந்தது. எல்லாம் உன் தாய் வளர்த்த வளர்ப்பு என்றார் பெரியவர். அந்தத் தாய் பக்கத்திலேயே இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு வந்த இந்த வீட்டில் நாகபூசணிக்கு இது இரண்டாவது ஞாயிறு. இத்தாலியம் பாதிதான் பிடிபட்டிருந்தது. ஆனால் சேர்ந்திருப்பதா, பிரிந்து போவதா என்கிற பேச்சு விளங்க அவளுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அவளுடைய ஊரில் அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும், அதற்கென்றே தேடி வர ஒரு கூட்டம் இருந்தது. அதனால் தகப்பனுக்காகவும் பயந்தாள், மகனுக்காகவும் பயந்தாள். நல்ல மனிதர்கள். போன ஞாயிறு அவளையும் மேசையில் இருத்திச் சாப்பிட வைத்தவர்கள். இவர்களை யாரும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

தெருமுனையில் வேறு துவக்கோடு ஒரு சிப்பாய் நின்றான். ஒரு நீதிபதியின் வீட்டுக்குக் காவல். அந்த வருடங்களில் பலேர்மோவில் அது யாருக்கும் புதினமில்லை. அவள் மட்டும் அவனைக் கண்டால் தெருவின் மறுகரைக்கு மாறி நடப்பாள்.

"அண்ணி, என்ன செய்யிறியள்? அவிஞ்சு சாகப் போறம்," என்றாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பிரசாந்தினி. நாகபூசணியின் கணவனுடைய தங்கை. இந்த ஊருக்கு வந்து பழகியவள்.

"மெதுவாக் கதை பிள்ளை. வெளியிலை ஆமிக்காரன் நிக்கிறான்."

வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவுக்கோ சந்தோசம். சாப்பிடும்போது காற்றுப் பட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று காலமெல்லாம் சொல்லிக் களைத்தவள் அவள். இந்தப் பெண்ணுக்காவது அது தெரிந்திருக்கிறதே என்று தலையாட்டினாள்.

பெரியவருக்குச் சட்டை தெப்பமாகிவிட்டது. எழுந்து போய்த் தெருப்பக்கத்து யன்னலை அகலத் திறந்தார்.

திறந்ததோடு விட்டாரா? பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிர்வீட்டு மீன்காரனைக் கூப்பிட்டு, ஐரோப்பாவை விட்டுப் போவதா இருப்பதா என்று ஊர் கேட்கக் கேட்டார்.

போகத்தான் வேண்டும் என்றான் மீன்காரன். இருக்கத்தான் வேண்டும், இவன் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதும் என்றாள் உள்ளேயிருந்து அவன் பெண்சாதி. மேல்மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக்கொண்டிருந்த கிழவி, கூடையை அந்தரத்தில் விட்டுவிட்டு வழக்கில் சேர்ந்துகொண்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு தெருவே தவளையாகிவிட்டதே என்று நாகபூசணி பதறினாள்.

அப்போதுதான் பெரியவர் சிப்பாயைக் கை காட்டினார். தம்பி, உன் கருத்து என்ன என்று கேட்டார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சிப்பாய் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். ஐரோப்பாவை விட்டுப் போவதைப் பிறகு பார்ப்போம், முதலில் என்னைப் பலேர்மோவை விட்டுப் போக விடுங்கள் என்றான்.

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிழவியின் கூடை அவனிடம் இறங்கியது. அதில் ஒரு பீச் பழம் இருந்தது.

நாகபூசணி கண்ணைத் திறந்தாள். வெட்ட வெளிச்சத்தில், வாய் நிறைய, யன்னல் யன்னலாக அதே பேச்சு. ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. பெரியவர் கத்திக்கொண்டே மகனின் கழுத்துப்பட்டியில் தெறித்திருந்த தக்காளிக் குழம்பைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். மகன் கத்திக்கொண்டே கழுத்தை நீட்டிக் கொடுத்தான்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது. எதைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். நாகா, நீ சொல்லு, போவதா இருப்பதா என்றார்.

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

யன்னலடிக்குப் போனாள். கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தமிழில் ஒரே ஒரு வசனம், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. அது தன் கட்சிதான் என்றார் பெரியவர். இல்லை, தன் கட்சி என்றான் நீனோ. சிப்பாய் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு கை தட்டினான்.

குசினியில் பிரசாந்தினியின் கை மட்டும் தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

அது அவளுடைய அண்ணன் விக்னராஜா கடைசியாகச் சொன்ன வசனம். தன் வீட்டு மேசையில், ஒரு கூட்டாளியோடு வாதாடிக்கொண்டு, சோற்றுக் கையோடு சொன்னது.

அன்றைக்கும் நல்ல புழுக்கம். தெருப்பக்கத்து யன்னல் திறந்திருந்தது.