நாலாவது வரி

"எட்டு வரி இருக்கு. அதுல அஞ்சு செத்த வரி. இதை இப்படியே வெச்சிருக்கியே, உனக்கே அசிங்கமா இல்லையா?"

மாப்பிள்ளை கேட்டதற்கு மைத்துனன் சிரித்து மழுப்பினான்.

மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். எந்த சிஸ்டத்துக்குள் போக வேண்டும் என்று பூட் லோடர் கேட்கிற பட்டியல். மைத்துனன் புதிது புதிதாக எதையாவது ஏற்றிப் பார்ப்பான், சலித்ததும் அழித்துவிடுவான். சிஸ்டம் போய்விடும், பட்டியலில் அதன் பெயர் மட்டும் நிற்கும். உயிரோடு இருப்பவை மூன்றுதான். முதல் வரி மைத்துனனின் வேலைக்கு, நாலாவது மாமனாருக்கு, கடைசி வரி மைத்துனனின் விளையாட்டுக்கு.

மாப்பிள்ளை ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் மொத்தத்தையும் கட்டி மேய்க்கிறவர். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அந்தப் பட்டியல் அவரை உறுத்தியது. அஞ்சே நிமிஷத்தில் சுத்தம் செய்து தருகிறேன் என்றார்.

"வேணாம் அத்தான். அது அப்படியே இருக்கட்டும். கை வைக்காதீங்க."

சரியான சோம்பேறி என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டார்.

இத்தனைக்கும் மாமியார் அதற்கு நேர்மாறு. எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலும் பின்னாலேயே வந்து சரி செய்வார். காலையில் செருப்பை நடைவழியில் விட்டதற்கு மாப்பிள்ளை என்றும் பாராமல் டோஸ் விழுந்தது. மாமனார்மேல் அவருக்கு ஒரே புகார்தான். எந்நேரமும் காதில் ஹெட்போன், பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மாமனாரின் வேலை அப்படி. பதிவு செய்த பேச்சுகளில் இருக்கும் இருமல், திக்கல், இரைச்சல் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்புவார். இந்த வயதிலும் அவர் காதை நம்பி வேலை வருகிறது என்பதில் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மதியம் மைத்துனன் வெளியே கிளம்பினான். மாமியார் அசந்து தூங்கினார். மாப்பிள்ளைக்குக் கை பரபரத்தது. உட்கார்ந்து செத்த வரிகளை எல்லாம் அழித்தார். மிச்சம் மூன்றே வரி. ரெண்டாவதில் மாமனார் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார். மாமா பார்த்து அசந்துபோகட்டும் என்று அணைத்து வைத்தார்.

சாயங்காலம் மாமனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கே ஒரு பதிவு ஸ்டூடியோவுக்குப் போயாக வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டார். சற்றுப் பொறுத்து, கீழ்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானில் டக், டக், டக், எண்டர்.

மைத்துனனின் விளையாட்டு சிஸ்டம் திறந்தது.

அணைத்துவிட்டு மறுபடி டக், டக், டக், எண்டர். மறுபடியும் விளையாட்டுதான். மாமனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகப் போட்டார்.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார். "ரெண்டாவது வரி மாமா. பட்டியலைச் சுத்தம் பண்ணிட்டேன். உங்க பேரையே பெருசாப் போட்டிருக்கேன் பாருங்க."

மாமனார் திரையை நேராகப் பார்த்தபடி கேட்டார்.

"பட்டியல் வந்துடுச்சா?"

அது அவர் மூக்குக்கு நேரே பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது.

மாப்பிள்ளை கை நீட்டி ரெண்டாவது வரியைத் திறந்துவிட்டார். உடனே ஹெட்போனிலிருந்து சன்னமாக ஒரு குரல் கசிந்தது. திரையில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆள் நிழலாத் தெரியுது. எழுத்து சுத்தமாத் தெரியலை, மாப்பிள்ளை" என்றார் மாமனார், மெதுவாக. "டாக்டர் கையை விரிச்சுட்டார். உள்ளே போயிட்டா எல்லாத்தையும் இது படிச்சுச் சொல்லிடும். அந்தப் பட்டியல் மட்டும்தான் வாயே திறக்காது. மூணு தட்டு தட்டினா நாலாவது வரி, அதுதான் என்னோடதுன்னு பையன் பழக்கி வெச்சான். உங்க அத்தைக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா."

"இனிமே ஒரு தட்டு போதும் மாமா."

"எல்லாம்தான் மாறிட்டே போகுது. அந்த மூணு தட்டாவது மாறாம இருக்கட்டுமே."

பதிவு போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை முதல் வேலையாக அஞ்சு செத்த வரிகளையும் இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார வைத்தார்.

ராத்திரி சாப்பாட்டில், சாயங்காலம் என்ன அத்தனை தடவை அணைச்சு அணைச்சுப் போட்டீங்க என்று மாமியார் விசாரித்தார். மாப்பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். தேவையான வரிகளைத் தெரியாமல் அழித்துவிட்டதாகவும், மாமா வேலை கெட்டதாகவும், பிறகு சரி செய்ததாகவும் சொன்னார். கம்பெனியையே மேய்க்கிறவருக்கு எட்டு வரியை மேய்க்கத் தெரியலையே என்று மைத்துனன் காலை வாரினான். மாமனார்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலியை மாமியார் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். பிறகு ஹெட்போன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூணு தட்டும் இந்த நாற்காலி மாதிரிதான், மாப்பிள்ளை. இனிமே நகர்த்தாதீங்க. எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவார்."