ஆறு முறை ஃபெயிலான முதல்வர்

"ஒன்பது பேர் இருக்காங்க! ஒரு ஆள் குறைஞ்சா வகுப்பையே மூடிருவீங்களா?" வெல்டிங் ஆசிரியர் வெர்ன் கத்தினார்.

"பத்துப் பேர்னு விதி போட்டதே நான்தான். நானே மீறணுமா?" கல்லூரி முதல்வர் லோர்னாவும் விடவில்லை.

"கல்லூரியைத் தலைகீழா மாத்துறேன்னு வந்தீங்களே மேடம், இதுதானா?"

மறுநாள் பத்தாவது மாணவியாக லோர்னாவே சேர்ந்தார். தேர்வில் ஃபெயில். அடுத்த செமஸ்டரும் சேர்ந்தார், அதிலும் ஃபெயில். இப்படி ஆறு முறை.

"ரெண்டு கம்பியை ஒட்டத் தெரியல, இவங்களா கல்லூரியை நிமிர்த்தப்போறாங்க?" எங்கள் அயோவா ஊரே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

அவர் என் பக்கத்து வீடு. ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், லோர்னா தன் வீட்டு இரும்புக் கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிசிறில்லை.

"இவ்வளவு சுத்தமா வருதே, அப்புறம் எப்படி ஃபெயில்?"

"பாஸானவங்க அதே வகுப்புல திரும்பச் சேர முடியாதே!"

அவர் இல்லாமலே பத்துப் பேர் சேர்ந்த செமஸ்டரில்தான் லோர்னா பாஸானார். அந்த ஜூனிலேயே வெர்னைக் கட்டிக்கொண்டு ஒரிகன் மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார்.