தேங்காய் அளவு எஞ்சின்

"நடுவுல நின்னுச்சுன்னா, சாயந்தரமே வில்லியனூர்க்காரனோட தாம்பூலம் மாத்திடுவேன். பொண்ணு உனக்கில்ல," என்றபடி புஷ்புஷ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார் கோவிந்தராசு.

"நிக்காது மாமா."

"மாமான்னு கூப்புட இன்னும் நேரம் இருக்குது."

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலு வருஷமாகியும் புதுச்சேரியில் புஷ்புஷ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து ஆள் தள்ளுவான். முன்கம்பியைப் பிடித்துத் திருப்புவது உட்கார்ந்திருப்பவர் வேலை. அந்த ஆளுக்குப் பதிலாகத் தேங்காய் அளவு எஞ்சின் ஒன்றைக் கூண்டுக்குப் பின்னால் பொருத்தியிருந்தான் மெக்கானிக் பக்கிரி.

"இந்த லீவர் எதுக்கு?"

"சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தத்த ஓடும்போதே மாத்தறதுக்கு. மேல தூக்குனா அழுத்தம் ஏறும், வேகமா போவும். பாரம் இழுக்கணும்னா கீழ எறக்கணும். மத்த எஞ்சினுக்கெல்லாம் பொறந்ததுலேருந்து ஒரே அழுத்தந்தான்."

"மில்லு பாய்லர்ல காலம் தள்ளுனவன்கிட்ட அழுத்தத்தப் பத்திப் பேசற. எம்பொண்ணு கமலவேணி உனக்காக ஈஸ்வரன் கோயில்ல விளக்கேத்தப் போயிருக்கா. எண்ணெதான் தண்டம். உடு வண்டிய."

கடற்கரையிலிருந்து ஸ்டேஷன் வரை நிற்காமல் ஓட வேண்டும். எஞ்சின் படபடத்தது. பக்கிரி சைக்கிளில் கூடவே வந்தான்.

ஈஸ்வரன் கோயில் தெருவில் 'டங்' என்று ஏதோ விழுந்தது. படபடப்பு நிற்கவில்லை, வேகம் மட்டும் தேய்ந்தது.

"நிக்கப்போவுது," என்றார் கோவிந்தராசு, பாயசம் குடித்த குரலில்.

எட்டிப் பார்த்தார். பக்கிரி தெருவில் குனிந்து எதையோ பொறுக்கிப் பைக்குள் திணித்தான். முகத்தில் ஈயாடவில்லை. கூண்டுக்குப் பின்னால் போய் மறைந்தான்.

வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது.

கோவிந்தராசு லீவரைத் தூக்கினார். "ஏத்திட்டாரு," என்று கத்தினான் பக்கிரி. வண்டி பறந்தது. இறக்கினார். "எறக்கிட்டாரு." வண்டி தணிந்தது. அவர் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது. இந்த எஞ்சின் கேட்டது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் கண்ணில் பட்டபோது வண்டி மறுபடி தள்ளாடியது. பின்னாலிருந்து புஸ் புஸ்ஸென்று இரைப்பு. வில்லியனூர்க்காரனை மறந்தே போனார்.

"நின்னுடாத தாயி. இன்னும் கொஞ்ச தூரந்தான்," என்று முணுமுணுத்தார்.

நிற்கவில்லை. ஸ்டேஷன் வாசல் வந்தது.

இறங்கியவர், போர்ட்டர்கள் காதுபடச் சொன்னார்: "தாம்பூலம் உனக்குத்தான் பக்கிரி. இனிமே மாமான்னே கூப்புடு."

பக்கிரி தரையைப் பார்த்தான்.

எஞ்சினைத் தட்டிக்கொடுக்கப் பின்பக்கம் போனார் கோவிந்தராசு. சக்கரத்துக்குப் போகும் சங்கிலியைக் காணோம். முந்தானையை இடுப்பில் செருகி, தள்ளுகம்பியைப் பிடித்தபடி வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றாள் கமலவேணி.

"அந்த லீவர மட்டும் அடிக்கடி மேல தூக்காதீங்கப்பா," என்றாள்.